நூறு கஜத்துத் துப்பாக்கி

லீவர் துப்பாக்கி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கௌபாய் படம். ஜெய்சங்கர் தொப்பியும் பூட்ஸுமாகக் குதிரையேறிய படங்கள் எனக்குத் தொலைக்காட்சியில்தான் கிடைத்தன, ஆனாலும் நன்றாகவே பதிந்திருந்தன. பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய லீவர் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டியபோது, “கௌபாய் துப்பாக்கி!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மனிதருக்குப் பிடிக்கவில்லை. “கௌபாயும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா இதை வைத்து மான் அடித்துத்தான் எங்களைக் குளிர்காலம் தாண்ட வைத்தார்” என்றார்.

வரலாறும் அவர் பக்கம்தான். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, மேற்கே குடியேற்ற எல்லைக்கோடு என்று இனி ஒன்று இல்லை என அமெரிக்க அரசே சொல்லிவிட்டது, அதாவது கௌபாய் காலம் முடிந்த கதை. அவர் கையில் இருந்த மாடல் அதற்கு நான்கு வருடம் கழித்து, 1894-இல் வந்தது. யூட்டா மாநிலத்து ஆக்டென் ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டருக்குக் கொடுத்தது. அடுத்த வருடமே நிக்கல் எஃகுக் குழலோடும் புகையற்ற வெடிமருந்து அடைத்த புதிய தோட்டாவோடும் விற்பனைக்கு வந்தது. அந்தத் தோட்டாதான் முப்பது-முப்பது. குழலின் விட்டம் 0.30 அங்குலம், உள்ளே 30 கிரெயின் (சுமார் இரண்டு கிராம்) மருந்து, அவ்வளவுதான் பெயர்க்காரணம். அந்தத் துப்பாக்கி இதுவரை 70 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், மரம் வெட்டுபவர்கள், ஆலைத் தொழிலாளிகள். அவர்கள் தேடிப்போனது மானைத்தான், கொள்ளைக்காரனை அல்ல.

கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். எடை மூன்று கிலோதான். பக்கவாட்டில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காத தட்டையான உடம்பு. ரிசீவர் என்கிற நடுப்பகுதியில் ஒற்றைக் கையால் பிடித்தால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும். நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். விரல்கள் நுழையும் வளையத்தை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், பின்னால் இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோளிலிருந்து இறக்கவே வேண்டாம். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குச் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது, கூடாது. லீவர் இந்த மாநிலத்தில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு குறையும் உண்டு. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில், ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு, முன்னால் இருப்பதன் பிட்டத்தில், அதாவது சுத்தியல் தட்டினால் வெடிக்கிற அதே இடத்தில், முட்டிக்கொண்டு நிற்கும். கூர்மையான மூக்கு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் குண்டின் மூக்கைத் தட்டையாகவே செய்தார்கள். தட்டை மூக்கு காற்றைக் கிழிக்காது, சீக்கிரம் வேகம் இழக்கும். 2000-களின் நடுவில் ஹோர்னடி கம்பெனி ரப்பர் போல வளையும் முனை வைத்துக் கூர்மையான குண்டு கொண்டுவந்தது. உதவிதான், ஆனால் குணம் மாறிவிடவில்லை. இது கிட்டத்துத் துப்பாக்கி. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

துப்பாக்கி வாங்கும் முன் வேட்டைப் பயிற்சி வகுப்பு. இந்த மாநிலத்தில் முதன்முதலாக உரிமம் எடுப்பவர் எந்த வயதானாலும் அதை முடித்தாக வேண்டும். 11 வயதிலிருந்து சேரலாம் என்பதால், தலை நரைக்கத் தொடங்கிய நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். வேலி தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வாய் என்று ஆசிரியர் கேட்டால், நான் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்துப் பையன் கை தூக்கிவிடுவான். அவனுக்கு அது வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேட்ட பாடம்.

வீட்டில் வேறு பரீட்சை. “பிள்ளைங்க இருக்கிற வீட்டுல துப்பாக்கியா?” என்றாள் மனைவி. விவாதம் இரண்டு வாரம் ஓடியது. சுவரோடு திருகி முடுக்கிய இரும்புப் பெட்டி முதலில் வரட்டும், துப்பாக்கி பிறகு வரட்டும், சாவி இன்ன இடத்தில் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது, தோட்டா வேறு பூட்டில். அவள் போட்ட நிபந்தனைகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைவிடக் கறாராக இருந்தன. பெட்டி வந்தது. சில மாதம் காலியாகவே நின்றது.

கடைக்குப் போனபோது மூன்று துப்பாக்கிகள் என் காசுக்குப் பக்கத்தில் இருந்தன. 1950-களின் வின்செஸ்டர் ஒன்று, 1970-களின் வின்செஸ்டர் ஒன்று, மார்லின் கம்பெனியின் 336 என்ற லீவர் துப்பாக்கி ஒன்று. முதல் இரண்டுக்கும் இடையில் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க முடிவெடுத்தது. கடைந்து செய்த பாகங்களின் இடத்தில் தகட்டை அழுத்தி வெட்டிய பாகங்கள் வந்தன, திட ஊசிகள் போய்ச் சுருட்டிய உள்ளீடற்ற ஊசிகள் வந்தன, ரிசீவரின் உலோகம் பழைய நீலக்கறுப்பு மெருகை ஏற்கவில்லை. அன்று முகம் திருப்பிக்கொண்ட வாங்குபவர்கள் இன்றுவரை திரும்பவில்லை. “அறுபத்து நாலுக்கு முந்தியதா?” என்பது இங்கே பழைய துப்பாக்கி வியாபாரத்தின் முதல் கேள்வி.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலையில் இல்லை என்பேன். 1970-களின் வின்செஸ்டரை அசைத்தால் கலகலக்கும், லீவர் கொஞ்சம் கரகரக்கும், ஆனால் குண்டு போகவேண்டிய இடத்துக்குப் போகும். வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு வாங்குகிறவர் 1964-ஐப் பார்க்கட்டும். மழையிலும் பனியிலும் இழுத்துக்கொண்டு போகிறவர் குழலைப் பார்த்தால் போதும்.

நான் மார்லினை எடுத்ததற்குப் பழமைப் பாசம் காரணம் இல்லை. வின்செஸ்டரில் சுட்ட கூடு மேல்பக்கமாகத் தெறிக்கும். 1980-களில்தான் அதைச் சாய்வாகத் தள்ளும்படி மாற்றினார்கள். மார்லினில் அது வலப்பக்கம் போகும், மேல்தட்டு மூடியே இருக்கும், பனி உள்ளே விழாது. அதைவிடப் பெரிய விஷயம் துடைப்பது. வின்செஸ்டரின் குழலை வாய்ப்பக்கத்திலிருந்துதான் கம்பி விட்டுத் துடைக்க முடியும். ஐம்பது வருடம் அப்படிக் கம்பி உரசிய குழலின் வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், குண்டு அந்த விளிம்பை விட்டுப் போகும் கணத்தில் குறி கெடும். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவரும், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டும் கையோடு வந்துவிடும், பின்பக்கமிருந்து துடைக்கலாம். பழைய துப்பாக்கி வாங்குகிறவனுக்கு, முந்தைய முதலாளியின் சோம்பேறித்தனத்திலிருந்து கிடைக்கிற பாதுகாப்பு அது.

அப்படியும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரியவரைக் கூட்டிப்போயிருந்தேன். அவர் முதலில் பார்த்தது குழலை அல்ல, திருகுகளை. திருகுத் தலையின் வெட்டு சிதைந்திருந்தால், தெரியாத கை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு விளக்கைப் பிடித்துக் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள், கட்டைக்கும் இரும்புக்கும் இடையே ஒளிந்திருக்கும் துரு. மார்லினில் அந்தக் காலத்துக் குழல்களில் ஆழம் குறைந்த 12 பள்ளங்கள் இருக்கும், அதைத் தேய்மானம் என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது என்றார். சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்திப் பார்த்தார். அது விழவே கூடாது. அந்த வயது மார்லினில், தவறி வெடிக்காமல் இருக்க நாம் கையால் போடக்கூடிய ஒரே காப்பு இந்தப் பாதி நிலைதான், அதற்கான குறுக்குப் பொத்தான் பிற்பாடு வந்தது.

கடைசியாக அவர் சட்டைப் பையிலிருந்து டம்மி தோட்டாக்களை எடுத்தார். மார்லினுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தகட்டின் அடியில் லீவரின் விளிம்பு வருடக்கணக்கில் உரசிப் பள்ளம் விழும். பள்ளம் ஆழமானால் தகடு ஏறும் நேரம் தவறி, ஒன்றுக்குப் பதில் ஒன்றரைத் தோட்டா உள்ளே வந்து சிக்கிக்கொள்ளும். மெதுவாகவும், வேகமாகவும், வேண்டுமென்றே அரைகுறையாகவும் லீவரை ஆட்டினார். சிக்கவில்லை. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இந்தச் சடங்கு தெரியும்.

வரிசை எண் 23-இல் தொடங்கியது. 1973-க்குப் பிறகான மார்லினில் முதல் இரண்டு இலக்கத்தை நூறிலிருந்து கழித்தால் வருடம். ஆக 1977, கனெக்டிகட்டின் நார்த் ஹேவன் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. கம்பெனி கைமாறிக் கைமாறி 2020-இல் ரூகர் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது, இன்றைய மார்லின்கள் வட கரோலினாவில் செய்யப்படுகின்றன. என் துப்பாக்கிக்குக் கடைக்காரர் கேட்டது 575 டாலர். கட்டையில் இருந்த நீளமான கீறலைக் காட்டி 540-க்கு முடித்தோம். கீறலுக்கும் குறிக்கும் சம்பந்தமில்லை.

அலுவலக நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரக் குடியுரிமை அட்டை இருந்தால் குடிமக்களைப் போலவே வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், அப்போது வீட்டில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகும். “நண்பன் வாங்கிக் கொடுக்கிறேன் என்றான்” என்கிற வழி வேண்டவே வேண்டாம், கடையில் நிரப்ப வேண்டிய படிவத்தின் முக்கியமான கேள்விகளில் ஒன்றே அதுதான். 4473 என்ற அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன், கடைக்காரர் மாநிலக் காவல்துறையின் சரிபார்ப்பு எண்ணுக்குப் பேசினார், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்தது.

நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இரும்புக் குறி சோதனை. குழல் மேல் இருக்கும் பின்குறியின் பள்ளம், நுனியில் இருக்கும் முன்குறி, மான், மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டாது. இளமையில் சமாளிக்கும், இப்போது பின்குறி வெறும் புகை. இதற்கு வழி, பின்குறியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் ரிசீவரின் மேல் ஒரு சிறு துளைக் குறி வைப்பது. துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியாகப் பார்க்க வேண்டும். நடுவைக் கண் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மார்லினின் இடப்பக்கத்தில் இதற்கான திருகுத் துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டிருந்தார்கள். பொருத்தி முடித்த அன்று, பத்து வருடம் குறைந்ததாக உணர்ந்தேன்.

சுடும் மைதானத்தில் மேசையும் மணல்மூட்டையும் வைத்துச் சுட்டால் எல்லோரும் வீரர்கள்தான். பெரியவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்றை மரத்தில் ஆணியடித்து, “உட்கார்ந்து சுடு. பிறகு நின்று சுடு. எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிற தூரம்தான் உன் தூரம்” என்றார். தட்டின் அகலம் மானின் நெஞ்சில் குறிவைக்க வேண்டிய இடத்தின் அகலம். உட்கார்ந்து 100 கஜம், நின்றால் 60, அதற்கு மேல் எனக்கு வரவில்லை. துப்பாக்கியின் கணக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. 150 கிரெயின் குண்டு வினாடிக்கு 2,390 அடி வேகத்தில் குழலை விடும். 200 கஜம் போவதற்குள் அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் கரைந்துவிடும், 100 கஜத்துக்குக் குறி சரிசெய்திருந்தால் அங்கே ஏழெட்டு அங்குலம் தாழ்ந்தும் விழும். தொலைநோக்கி மாட்டிய முப்பது-ஓ-ஆறு, அதாவது இதைவிட வலுவான தோட்டா போடும் ரைஃபிள், வைத்திருப்பவருக்கு 200 கஜம் ஒரு விஷயமே இல்லை.

நாங்கள் போவது பாட்டர் கவுண்டி, வடக்கே நியூயார்க் எல்லையோரம். இந்தக் காடு பார்க்க ஆதிகாலத்துக் காடு போலத் தெரியும். உண்மையில் நூறு வயதுப் பிள்ளை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களைப் பட்டைக்காகவும் பலகைக்காகவும் மொட்டையடித்தார்கள். தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டியிருந்தது. மரத்தோடு மானும் போனது. சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மானைப் பார்ப்பதே அபூர்வம். பிரௌனிங்கின் துப்பாக்கி வந்ததற்கு மறுவருடம், 1895-இல், மாநில வேட்டை ஆணையம் பிறந்தது. 1906 முதல் மிச்சிகன் போன்ற இடங்களிலிருந்து மான்களை விலைக்கு வாங்கி ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள், 1907-இல் கொம்புள்ளதைத் தவிர வேறு எதையும் சுடக் கூடாது என்றார்கள். வெட்டிய காட்டில் தளிர் நிறைய, ஓநாய் இல்லை. இருபது முப்பது வருடத்தில் மான் மந்தையாகப் பெருகி, முளைக்கிற மரக்கன்றையெல்லாம் மேய்ந்துவிட்டது. இன்றும் சில சரிவுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் கன்றே இருக்காது, மான் தொடாத பெரணி மட்டும் முழங்கால் உயரத்துக்கு விரிந்து கிடக்கும். பெண் மானுக்கும் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்களே என்று வருத்தப்படுகிறவர்களை இந்தச் சரிவுகளுக்குக் கூட்டிவர வேண்டும்.

இந்தக் காட்டில் லாரல் புதரும் இளம் பீச் மரமுமாக, பெரும்பாலான இடத்தில் 70 கஜத்துக்கு மேல் பார்வையே போகாது. துப்பாக்கி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ரைஃபிள் பருவம் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளுக்கு அடுத்த சனிக்கிழமை திறக்கும். 2019-க்கு முன் பல பத்தாண்டுகளாக அது திங்கட்கிழமை. அன்று பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விடுவார்கள், பெரியவர் இன்னும் சனிக்கிழமையை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வருடத் திறப்பு நாளில், விடிந்து சற்று நேரத்தில், மின்கம்பிகளுக்காக மரம் வெட்டிய நீண்ட வெளியின் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மறுபக்கச் சரிவில் ஒரு கலைமான் வெளியே வந்து நின்றது. அகலமான கொம்பு. தூரம் 200 கஜத்துக்குக் குறையாது. துளைக் குறிக்குள் முன்குறியின் மணி மானின் உடம்பையே மறைத்தது. சுத்தியலை நான் தொடவில்லை. அது நிதானமாக மேய்ந்துவிட்டு மேட்டைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றை வெடிச் சத்தம். மாலையில் வண்டி நிறுத்தத்தில் ஓர் இளைஞன் அதைப் பின்தட்டில் கிடத்தியிருந்தான். நல்ல மான். வாழ்த்தினேன், பொறாமையும் இருந்தது.

என் முறை அடுத்த வாரம் வந்தது. ஹெம்லாக் தோப்புக்குள், தரையில் மெல்லிய பனி. பெண் மான்கள் மூன்று வரிசையாக இறங்கி வந்தன. பெரியதைத் தேர்ந்தேன். சுத்தியலை இழுத்தால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும், ஐம்பது கஜத்தில் மானுக்கு அது போதும். விசையை அழுத்திப் பிடித்தபடி சுத்தியலை முழுக்க இழுத்து, விசையை விட்டு, பிறகு சுத்தியலை விட்டால் சத்தமே வராது. முன்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே. சுட்டதும் கை தானாக லீவரை ஆட்டியிருந்தது, கூடு பனியில் விழுந்து ஆவி விட்டது. மான் ஓடியது. எழுந்து ஓடக் கூடாது என்பது வகுப்பில் படித்தது, அந்தச் சிறுவர்களுக்கு முன்பே தெரிந்தது. காத்திருந்து போய்ப் பார்த்தேன். பனியில் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம். நுரையீரலில் பட்டால்தான் அந்த நுரை. நாற்பது ஐம்பது அடி தள்ளிக் கிடந்தது.

மனம் கனத்தது என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வேலை பற்றிய பதற்றம். சீட்டை நிரப்பி நகர்த்தும் முன் காதில் கட்ட வேண்டும். குடலையும் சிறுநீர்ப்பையையும் கிழிக்காமல் வெளியே எடுக்க வேண்டும், கிழிந்தால் கறி கெடும். விரல்கள் குளிரில் மரத்திருந்தன, மானின் வயிற்றுக்குள் மட்டும்தான் சூடு. பெரியவர் பக்கத்தில் நின்று கத்தியைத் தொடாமல் வாயால் மட்டும் வழிகாட்டினார்.

கறி விஷயத்தில் ஒரு வார்த்தை. மான்கறியில் கொழுப்பு கிடையாது, இருக்கிற கொழுப்பும் நாக்கில் ஒட்டும், வெட்டி எறிய வேண்டும். முதுகுத் துண்டை ஆட்டுக்கறி என்று நினைத்து வேகவைத்தால் செருப்புத்தோல் ஆகிவிடும். என் மனைவி அதை மெல்லிசாக அரிந்து, மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு தேங்காயெண்ணெயில் அதிக தீயில் புரட்டி எடுப்பாள், இரண்டு மூன்று நிமிடம்தான். கால் சப்பைகள் குக்கருக்கு. எலும்பைப் போட்டு ரசம் வைக்கலாமா என்று கேட்டாள். மான்களுக்கு மூளையைத் தின்னும் நோய் ஒன்று 2012 முதல் இந்த மாநிலத்தில் பரவியிருக்கிறது. அதனால் தலை, முதுகுத்தண்டு பக்கமே போவதில்லை, கறியை எலும்பிலிருந்து பிரித்துத்தான் கொண்டுவருகிறோம். ரசம் வேண்டாம் என்றேன். பெரியவருக்கு ஒரு கிண்ணம் வறுவல் கொடுத்தனுப்பினோம். மிளகில் கண் கலங்கி, பால் குடித்துவிட்டு, மறுபடி கேட்டார்.

“அந்தக் கலைமானை விட்டுட்டீங்களே, ஒரு ஸ்கோப் போட்டா என்ன?” என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். போடலாம். மார்லினின் மூடிய மேல்தட்டில் அதற்கும் துளைகள் இருக்கின்றன, இப்போது அவற்றில் அடைப்புத் திருகுகள் உட்கார்ந்திருக்கின்றன. துளைக் குறியும் என் கண்ணுக்கு மங்கத் தொடங்கும் வருடத்தில் இரண்டரை மடங்குச் சின்ன ஸ்கோப் ஒன்றை மாட்டிக்கொள்வேன், வெட்கப்பட மாட்டேன். ஆனால் அதை மாட்டினாலும் 200 கஜத்தில் தோட்டா அதே ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துதான் விழும். அந்தத் தம்பிக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன். அவனுடைய எச்-1பி கணக்கு வேறு பாக்கி இருந்ததால், பேச்சு அங்கிருந்து உரிமக் கட்டணத்துக்குப் போய்விட்டது.